தேய்த்த இடம்

பொழிச்சலூரில் யாசீன் பாய் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது பித்தளைதான். தாம்பரத்தில் தையல் கடை போட்ட நாளிலிருந்து, உருக்கப் போகிற பழைய குடம், அண்டா, தூக்கு என்று தேடித் தேடி வாங்கி முன்னறை முழுக்க அடுக்கியிருந்தார். எது வந்தாலும் முதல் வேலையாக, உளியால் வெட்டியிருக்கும் பெயரைப் பட்டறையில் கொடுத்துத் தேய்த்துவிடுவார். அடுத்தவர் பெயர் போட்ட பாத்திரம் தன் வீட்டில் எதற்கு என்பது அவர் கட்சி.

2006 மழைக்காலத்தில் ஒரு நாள் பின்தெரு ஜெயக்கொடி வந்து நின்றாள்.

"பாய், எங்கம்மா என் கல்யாணத்துக்குக் குடுத்த குடத்த எங்கண்ணன் குடிக்கறதுக்கோசரம் பழைய பாத்திரக் கடைல போட்டுட்டான். உங்ககிட்ட கீதான்னு பாக்கட்டா? கழுத்துல பூங்காவனம்னு எங்கம்மா பேரு வெட்டியிருக்கும்."

ஒவ்வொரு குடமாகத் தடவிக்கொண்டே வந்தவளின் கை ஒன்றில் நின்றது. "இத்த மாதிரியேதான் இருக்கும். இதுல பேருதான் இல்ல."

யாசீன் அந்தக் குடத்தின் கழுத்தில் தேய்த்த இடத்தைப் பார்த்தார். எந்த ஊர் வார்ப்பு என்று பார்த்ததும் சொல்லிவிடுகிறவர், தேய்க்கக் கொடுக்குமுன் ஒரு பெயரைக்கூடப் படித்துப் பார்த்ததில்லை.

"பேர் வெட்டினது எங்கிட்ட எதுவும் இல்லம்மா."

அதில் பொய் இல்லை. அதனாலேயே அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜெயக்கொடி குடத்தை அலுங்காமல் எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"வேற எங்கனா கண்ல பட்டா, பேரப் பாத்துட்டு சொல்லுங்க பாய்."

யாசீன் தலையாட்டினார்.