மைனாவுக்கு இடம் கொடுத்த காக்கா

எங்கள் பெரியப்பா அழுது நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஒரு காக்காவுக்காக.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது டீச்சர் ஒரு கதை எழுதி ஆண்டுவிழாவுக்கு நாடகமாகப் போட்டார். புயலில் அடிபட்ட மைனா ஒன்று தூர தேசத்திலிருந்து வருகிறது. எல்லாப் பறவைகளும் விரட்ட, ஒரு காக்கா மட்டும் மரப்பொந்தில் இடம் கொடுக்கிறது. பீகாரிலிருந்து வந்த பிங்கி எங்கள் வகுப்பில் இருந்ததால்தான் இந்தக் கதை என்பது எங்களுக்கே தெரியும். நாங்கள் ஒன்றும் அவ்வளவு மக்கு இல்லை. ஆனால் டீச்சர் என்னை மைனாவாக்கி, பிங்கியைக் காக்காவாக்கிவிட்டார். அவள் குரல்தான் கடைசி வரிசைவரை கேட்குமாம். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

பிங்கியின் அப்பா செராமிக் கம்பெனியில் சூளைக்குச் சாமான் அடுக்குகிறவர். தகர ஷெட்டில் குடித்தனம். அவள் அம்மா நிறைமாசம். பிரசவத்துக்குள் ஒரு வீடு கிடைக்காதா என்று அலைந்தார்கள். பெரியப்பாவின் பின்கட்டு வீடு காலியாகத்தான் கிடந்தது. கேட்டதற்கு, "ஆண்டுவிழா முடியட்டும், பாக்கலாம்" என்றிருந்தார். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

மேடையில் பிங்கி கறுப்புத் துணியை விரித்துக்கொண்டு, "இந்த மரத்துக்கு யார் பேருலயும் பட்டா இல்ல மைனா, உள்ள வா!" என்றதும் முன்வரிசையில் பெரியப்பா கைக்குட்டையை எடுத்துவிட்டார். மைக்கில் பேச வந்தபோதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நாமெல்லாம் இந்தக் காக்கா மாதிரி இருக்கணுங்க" என்று சொல்லி, பிங்கிக்கு ஒரு பீங்கான் பொம்மை பரிசு கொடுத்தார்.

"என்னமா தமிழ் பேசுற! எந்த வூட்டுப் பொண்ணும்மா நீ?" என்று அவளைக் கேட்டார்.

பிங்கி கூட்டத்தின் கடைசியில் நின்ற அப்பா அம்மாவைக் கைகாட்டினாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நான் மேடையிலேயே குதித்தேன்.

மறுநாள் காலையில் பிங்கியின் அப்பா வாசலில் வந்து நின்றார். பெரியப்பா டீ குடித்துக்கொண்டே, "வேற ஆளுக்குப் பேசி வுட்டாச்சுப்பா, வேற எங்கனா பாத்துக்க" என்றார். யாருக்கும் பேசவில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நேத்து அழுதீங்களே பெரியப்பா!"

"அது கதைம்மா. கதை வேற, வூடு வேற. இன்னிக்கு ஒரு குடும்பம்பாங்க, நாளைக்குப் பத்துப் பேரு வந்து படுத்துக்குவாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் அவ்வளவு பிரியமாகச் சொன்னார். பிங்கிக்குத் தம்பி பெரியாஸ்பத்திரியில் பிறந்தான். வெயில் கொளுத்திய அந்த மாசத்தில் பச்சைக் குழந்தையைத் தகர ஷெட்டுக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். பின்கட்டு வீடு பூட்டியே கிடந்தது.

பெரியப்பா மேடையில் நடித்தார் என்றே ரொம்ப காலம் நினைத்திருந்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஆனால் அவர் நிஜமாகவே அழுதார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே காக்காவைச் சொல்லிச் சொல்லிக் கண் கலங்கினார். ஒரே மனுஷரால் ராத்திரி அப்படி அழவும் காலையில் இப்படிச் சொல்லவும் முடியும் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. அதுதான் எனக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி.