நாற்பதாம் சேனலில் பனி

செராமிக் காலனிக்குக் கேபிள் டிவி கொடுத்த கொளஞ்சிநாதனுக்கு 2004-இல் வந்த சோதனையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இரண்டாம் சேனல் பளிச்சென்று தெரியும். நாற்பதாம் சேனலிலோ பனி கொட்டுகிற மாதிரி ஒரே வெள்ளைப் புள்ளி. கத்திரி வெயிலில் எதிர்வீட்டுப் பெரியநாயகி போர்வை போர்த்திக்கொண்டுதான் அதைப் பார்த்தாள். தும்மல்கூட வந்தது அவளுக்கு, என் கண்ணால் கண்டேன்.

அந்த நாற்பதில்தான் சீரியல். வெள்ளிக்கிழமை கல்யாணக் கட்டம்.

"அதுக்குள்ள படம் தெரியலன்னா அறுபது வூடும் வேற ஆளுகிட்ட மாறிடும்," என்றாள் திரௌபதி. செராமிக் கம்பெனியில் கப்புகளைக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கியெடுக்கிறவள்.

"ஒங்க டிவியில கோளாறுக்கா," என்றான் கொளஞ்சி.

"அறுபது டிவிக்கும் ஒரே நாள்லயா?"

டிவியைத் திட்டினான், கம்பெனிச் சூளைப் புகையைத் திட்டினான். மூன்று நாள் கம்பம் கம்பமாக ஏறி மீட்டர் வைத்தான். "மின்தடை ஒரு ஓம்கூட இல்ல! லைன் சுத்தமா இருக்குது!" என்று மேலிருந்தே கத்துவான்.

வியாழக்கிழமை டிவி ரிப்பேர் செய்யும் அறிவழகன் வந்து பார்த்தார். சூளைக்கு எதிரே கேபிள் பத்தாத இடத்தில், தண்ணீர் மோட்டாருக்குப் போடுகிற தடித்த ஒயரைக் கொளஞ்சி நாற்பதடிக்கு ஒட்டுப்போட்டிருந்தான்.

"நல்ல செம்புண்ணே! மோட்டாரே ஓடும்!"

"ஓடும்யா! அது செகண்டுக்கு அம்பது தடவ ஆடுற கரண்டு. டிவி சிக்னல் கோடிக்கணக்குல ஆடுது. அந்த வேகத்துல கரண்டு கம்பி நடுவுல போவாது, தோலோரமாத்தான் போவும்."

"கப்பு மேல கிளேஸ் கணக்கா," என்றாள் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த திரௌபதி.

"அதேதான். போற இடம் சுருங்கினா மின்தடை ஏறும். ஆடுற கரண்ட மட்டும் எதுக்குற மின்மறுப்புன்னு ஒண்ணு, அதுவும் வேகத்தோட சேந்து ஏறும். கேபிளு அதுக்கெல்லாம் கணக்குப் பண்ணி செஞ்சது, நடுவுல இத சொருகிட்ட. சேனல் நம்பரு மேல போவப்போவ சிக்னல் தேஞ்சிடுது. ஒன் மீட்டருல இருக்கறது பேட்டரி. ஆடாத கரண்டு. அதுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?"

கொளஞ்சி தலையிலடித்துக்கொண்டு ஒயரை அறுத்தெறிந்தான். மறுநாள் சாயங்காலம் வரை புதுக் கேபிள் இழுத்தான். அதற்குள் போட்டிக்காரன் திரௌபதி வீட்டு வாசலில் கேபிள் சுருளோடு வந்து நின்றுவிட்டான்.

உள்ளே நாற்பதாம் சேனலில் மணப்பெண் முகம் பளீரென்று வந்தது.

"நீங்க போயிட்டு வாங்க தம்பி," என்று அவனை அனுப்பிவிட்டுத் திரௌபதி கொளஞ்சியிடம் திரும்பினாள். "ஏண்டா, இவ்ளோ தெளிவாவா கேட்டேன்? பொண்ணு மூஞ்சி பூரா பரு தெரியுதே!"