துடைக்காமல் விட்ட வரி

"...பக்கம் மாறினா குறி மாறும் எண்டு அவ சொல்லுறவ, அண்ணை. பிறகு என்ன சொல்லுவா எண்டதுதான் மறந்துபோச்சு."

மங்கரே என்ற புறநகருக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், விமானநிலையச் சீருடைக்காரர். பேசப் பேச, அவர் விரல் ஜன்னல் கண்ணாடியில் அல்ஜீப்ரா எழுதிக்கொண்டே இருந்தது. கோடை விடுமுறை முடிந்தால் மகளுக்கு ஜியோமெட்ரி. அதற்குள் பழைய பாடத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சொல்லிக்கொடுத்த மனைவி குளிர்காலத்தில் இறந்துபோனார்.

"உங்களுக்குத் தெரிஞ்ச வழியில சொல்லிக்கொடுங்களேன்."

"சொன்னனான். 'தட்ஸ் நாட் அம்மாஸ் வே' எண்டு பென்சிலை வைச்சிட்டாள்."

அவர் இறங்கும் இடம் வந்தது. எழுந்து, ஒன்றுமே பதியாத அந்தக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். மனைவி சொன்ன முதல் வரியை எழுதிய இடத்தை மட்டும் தொடாமல் விட்டுவிட்டு இறங்கிப் போனார்.