மஞ்சள் குறியை விட்டபோது

பள்ளிப் பேருந்து ஓட்டும் அவளுக்கு, "நான் செய்தது தப்பு" என்று சொல்லிப் பழக்கமில்லை. கணவன் போனபிறகு ஒற்றை ஆளாக நின்று மகளை வளர்த்தவள். தயங்கி நின்றால் ஏறி மிதித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அவள் கண்ட பாடம். பணிமனையில் முதுகுக்குப் பின்னால் அவளை 'ஹாரன் அக்கா' என்பார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது, உள்ளூரப் பெருமைதான்.

மகள் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன பையன் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தான். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. எதைச் சொன்னாலும் "சரிங்க அத்தை". அதனாலேயே அவளுக்கு அவன்மேல் பிடிப்பு வரவில்லை. தலையாட்டி பொம்மையை நம்பிப் பெண்ணைக் கொடுப்பதா?

மூவருமாக மலைச்சுற்றுப் பாதையில் நடந்து வரலாம் என்று மகள்தான் ஏற்பாடு செய்தாள். கிளம்பும் நேரத்தில், ஆள் குறைகிறது என்று மகள் வேலை பார்க்கும் மருத்துவமனையிலிருந்து அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கம்மா. கடிச்சுக்காம வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

காட்டுக்குள் ஏறும்வரை தொல்லையில்லை. மரங்களிலும் பாறைகளிலும் பூசியிருந்த மஞ்சள் குறிகளைப் பார்த்து நடந்தால் போதும். முகட்டைத் தொட்டு, மறுபக்கமாக இறங்கி, கார் நிற்கும் இடத்துக்கே வந்துவிடலாம். முகட்டில் ஏறியபோதுதான் மேகம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. தூரத்தில் இடி உருண்டது.

அவள் நின்று காதைத் தீட்டினாள். இடப்பக்கம் கீழே ஒரே இரைச்சல்.

"ரோடு இதோ கீழ இருக்கு. வண்டிச் சத்தம் கேக்குதுல்ல? நேரா இறங்கிடலாம்."

"குறி இந்தப் பக்கமா போகுதுங்க அத்தை."

"போனா போகட்டும். இடி விழற வரைக்கும் மேலயே நிக்கவா?"

அவன் குறியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "சரிங்க அத்தை."

சரிவில் நனைந்த சருகு முழங்கால் வரை கிடந்தது. இறங்க இறங்க இரைச்சல் பெரிதானது. வண்டிச் சத்தம் என்றால் ஏறி இறங்க வேண்டாமா? இது ஒரே சீராக இருந்தது. அவளுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனாலும் கால் நிற்கவில்லை. மரங்கள் சட்டென்று முடிந்து, கீழே வெறும் பாறை விளிம்பு. அதற்கப்பால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

திரும்ப நினைத்த அதே நொடியில் கால் வழுக்கியது. முழங்கால் கல்லில் மோத, அவள் கவிழ்ந்தபடி விளிம்பை நோக்கிச் சறுக்கினாள். கையில் அகப்பட்டது ஒரு செடி. அதன் வேர் மண்ணைக் கிளப்பிக்கொண்டு மெல்ல வெளியே வந்தது.

மேலே அவன் குப்புறப் படுத்து, ஒரு மரத்தில் காலைக் கோத்துக்கொண்டு, முதுகுப் பையின் வாரை அவள் பக்கம் வீசினான்.

"செடியை விட்டுட்டு வாரைப் பிடிங்க."

"விட்டா போயிடுவேன்."

"வேர் வருது. விடுங்கன்னு சொல்றேன்ல."

அப்படியொரு குரல் அவனுக்கு இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. விட்டாள். வார் கையில் இறுகியது. அவன் இழுக்க, அவள் முழங்கையால் ஊர்ந்து மரத்தடிக்கு வந்து சேர்ந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும், இது ரோடு இல்லைன்னு" என்றான் அவன். "சொன்னா கோவிச்சுக்கிட்டு கல்யாணமே வேண்டாம்னுடுவீங்களோன்னு பயம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சே பின்னால வந்தீங்களா? நாளைக்கு என் பொண்ணு கிணத்துல குதின்னாலும் சரின்னுதான் சொல்வீங்களா?"

"அவகிட்ட நான் சரின்னே சொன்னதில்லைங்க. தினமும் சண்டைதான். வேணும்னா கேட்டுப் பாருங்க."

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. முழங்கால் அதற்குள் பந்தாக வீங்கியிருந்தது. அதை அமுக்கிப் பார்த்தபடி, "நான்தான் வழியைத் தப்ப விட்டுட்டேன்" என்றாள். தொண்டையில் சிக்கிய முள்ளை எடுத்தது போலிருந்தது. "இனிமே நீங்க முன்னால போங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க."

அவன் தோளை அவள் பிடித்துக்கொள்ள, இருவரும் ஒரே நாலு கால் பிராணியாக ஏறினார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மின்னல் ஒவ்வொரு முறை வெட்டும்போதும் இருவரும் குனிந்து பதுங்கினார்கள். எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி மரம். அவன் வலப்பக்கம் என்றான். அவள் இடப்பக்கம் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள். வலப்பக்கமே போனார்கள். ஒரு பாறையின் மேல் நனைந்து பளபளத்தது மஞ்சள்.

கார் நின்ற இடத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கிளட்சை மிதிக்கப் பார்த்தாள். உயிர் போய் வந்தது. சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். முதல் வளைவிலேயே அவளுடைய நல்ல கால், இல்லாத பிரேக்கை அழுத்தியது.

"வேகம்" என்றாள்.

"இல்லைங்க அத்தை. இது சரியான வேகம்தான்."

மகளுக்குப் போன் போட்டு, "தேதி பார்க்கணும், எப்ப லீவு கிடைக்கும்னு கேட்டு வை" என்றாள். அடிபட்ட காலைப் பற்றி மூச்சு விடவில்லை.