கிருஷ்ணராசாவுக்குப் பூட்டிய சூட்டுச் சீற்

றெஜினோல்ட் கார் வயறிங் பழகியது ஜெர்மனியில். ஸ்டுட்கார்ட்டில் பதினொரு வருடம் ஒரு கராஜில் வேலை செய்துவிட்டு, மனைவி பெர்னடெற்றுடன் லண்டனுக்கு வந்து, எட்மண்டனில் சொந்தமாக ஒரு சின்னக் கராஜ் திறந்தார். ரேடியோ, அலாரம் எல்லாம் பூட்டுவார். ஆனால் அங்குள்ள தமிழரிடையே பேர் எடுத்தது சூட்டுச் சீற்றால்தான். சீற் உறையைக் கழற்றி, பஞ்சின் மேல் சூடாகும் விரிப்பு ஒன்றை ஒட்டி, வயர் இழுத்து, கியருக்குப் பக்கத்தில் கூட்டவும் குறைக்கவும் ஒரு சுவிட்ச் வைப்பார். உறையைத் திரும்பப் போட்டால் கை பட்ட அடையாளமே தெரியாது.

2006 டிசம்பரில் மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓடும் கிருஷ்ணராசா வந்தார். ஐம்பத்தெட்டு வயது. நாள் முழுக்க இருந்து ஓடுவதால் இடுப்புக்கு மேலே நாரி உளைவு; சூடு பட்டால் சுகமாக இருக்கும் என்று நினைத்தார். முன் சீற்றுகள் இரண்டுக்கும் பூட்டுவித்துக்கொண்டு போனவர், ஒரு கிழமையில் திரும்பி வந்தார்.

“தம்பி, என்ரை பக்கம் சூடு வருதில்லை. கூட்டித்தான் விட்டிருக்கிறன், ஒண்டும் தெரியேல்லை.”

றெஜினோல்ட் சீற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“கொதிக்குது அண்ணை. உங்கடை தோல்தான் தடிப்புப் போலை.”

இருவரும் சிரித்தார்கள். மீற்றர் பிடித்தும் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, றெஜினோல்ட் சேர்ச்சில் பூசை முடிந்து வரும்போது கிருஷ்ணராசாவின் மனைவி சுசிலா போன் எடுத்தார். “தம்பி, இவருக்குத் தொடை வெந்துபோச்சு. ஒருக்கா வாங்கோ.”

போனபோது, கிருஷ்ணராசா முன்னறைச் செற்றியில் குப்புறப் படுத்திருந்தார். சுசிலா துணியை விலக்கிக் காட்டினார். இரண்டு தொடைகளின் பின்புறமும் கொப்புளங்கள் உடைந்து, தோல் உரிந்து, சில இடங்களில் கருகியும் இருந்தது. காற்சட்டை ஒட்டிப்பிடித்துக் கழற்ற ஏலாமல் போனபோதுதான் அவருக்கே தெரிந்ததாம்.

“அண்ணை, உங்களுக்கு நோகேல்லையோ?”

“இல்லைத் தம்பி. ஈரமாக் கிடந்தது, வேர்வை எண்டு நினைச்சன்.”

வேறு யாருடைய காலைப் பற்றியோ சொல்வதுபோல அவர் சொன்னதுதான் றெஜினோல்ட்டை உலுக்கியது. பதினைந்து வருடச் சலரோகத்தில், நீரிழிவில், கால் நரம்புகள் செத்துவிட்டன என்று முதல் நாள் காட்டப் போன ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நரம்பு இப்படிச் சத்தமில்லாமல் சாகும் என்பது றெஜினோல்ட்டுக்குத் தெரியாது.

கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு போய், கதவைத் திறந்து ஏறி, சூட்டைக் கூட்டிவிட்டு அந்தச் சீற்றிலேயே இருந்தார். கால்மணி நேரம்கூட இருக்க முடியவில்லை. விரிப்பில் ஒரு பிழையும் இல்லை. பிழை இருந்திருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்த மனிதர் நாளுக்கு எட்டு மணித்தியாலம் அதன் மேல் இருந்திருக்கிறார். அவர் வந்து சொன்னபோது றெஜினோல்ட் சிரித்தும் இருக்கிறார். அங்கேயே தெருவோரத்தில் வைத்து வயரை வெட்டினார்.

அடுத்த நாள் கராஜைத் திறக்கவில்லை. சீற் பூட்டிய எல்லோருக்கும் போன் எடுத்தார். “உங்களுக்குச் சலரோகம் இருக்கோ? கால் விறைக்கிறதோ?”

“நீர் வயறிங்காரனோ, டொக்டரோ?” என்று ஒருவர் கோபித்தார். ஆனால் மூன்று பேரில் ஒருவர் “ஓம், இருக்கு” என்றார். மோர்டனிலிருந்து ஒரு பெண் அன்றைக்கே தாயையும் ஏற்றிக்கொண்டு வந்தார். தாயின் தொடையில் சிவப்பாக ஒரு தடம் விழுந்திருந்தது. தாய்க்கு அது தெரியாது. ஓம் என்றவர்களின் கார்களில் அந்தக் கிழமையே விரிப்புகளைக் கழற்றினார். மற்றவர்களுக்குச் சூடு பத்து நிமிடத்தில் தானாக நிற்கும்படி மாற்றிக் கொடுத்தார்.

பெப்ரவரியில் கிருஷ்ணராசாவைப் பார்க்கப் போனார். புண் காய்ந்து வந்தது. சுசிலா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

“தொடைக்கு மருந்து கட்டேக்கை நேர்ஸ் காலையும் பாத்தவ, தம்பி. உள்ளங்காலிலை கார்ப்பெற் ஆணி ஒண்டு ஏறிக் கிடந்தது. எத்தினை நாளோ தெரியாது, சீழ் பிடிச்சிட்டுது. இன்னும் ரெண்டு கிழமை போயிருந்தால் காலை எடுக்க வேண்டி வந்திருக்குமாம். நீங்கள் பூட்டின சீற்றாலைதான் கால் தப்பினது எண்டு இவர் எல்லாருக்கும் சொல்லித் திரியிறார்.”

கிருஷ்ணராசா தலையாட்டினார். றெஜினோல்ட் தேத்தண்ணியைத் தொடாமலே குனிந்து, கிருஷ்ணராசாவின் உள்ளங்கால்களைப் பார்த்தார்.