திரையில் தெரிந்த நான்கு டயர்கள்

எங்கள் கார் ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை. அதில் காரின் படம், நான்கு டயர், ஒவ்வொன்றிலும் எவ்வளவு காற்று இருக்கிறது என்ற எண். டயர் வழுக்கினால் மஞ்சள் விளக்கு ஒன்று மினுங்கும். எழுத்தெல்லாம் எங்களுக்குக் கோழிக் கிறுக்கல்தான். படத்தை வைத்தே புரிந்துகொண்டோம்.

கிட்ட இருக்கும் எழுத்து என் கணவருக்குத் தெரியாது. கண்ணாடியை மாட்டினால் ரோடு தெரியாது. ஆகவே திரையைப் பார்ப்பது என் உத்தியோகம். நான் "எல்லாம் சரிங்க" என்று சொல்லாமல் வண்டியை எடுக்கமாட்டார். "கண்டக்டரம்மா பெல் அடிச்சாச்சு, போகலாம்" என்பார். பென்ஷன் எடுத்த இரண்டு பேருக்கு அந்த விளையாட்டு போதும்.

அன்று கலேவெலவில் மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மாத்தளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தம்புள்ளை தாண்டியதும் மழை கொட்டியது. மரக்கறி லொறிகள் சேற்றை வாரி இறைத்தன. மஞ்சள் விளக்கு மினுங்கி மினுங்கி அணைந்தது. நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நெஞ்சு கொஞ்சம் அடைக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

"மக பரிமாறினா உங்களுக்கு வயிறு தெரியாதே! சோறு கூடிப்போச்சு."

கேலி பண்ணினேனே தவிர, திரும்பி முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "டயர் எப்படி?" என்று கேட்டார்.

"நல்லாயிருக்குங்க. பயப்படாம ஓட்டுங்க."

மாத்தளைக்குக் கிட்ட, அலுவிகாரையில் ஒரு கடையோரம் வண்டியை ஒழுங்காக நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கைக்கூட இழுத்தார். பிறகுதான் ஸ்டியரிங்கில் சாய்ந்தார். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்ததை அப்போதுதான் கண்டேன். கடைக்காரர் ஓடிவந்து த்ரீவீலில் ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

அந்தக் காரைச் செய்தவன்மீது எனக்கு ஆத்திரம் தீரவில்லை. டயருக்கெல்லாம் காவல் வைத்த பாவி, ஓட்டுகிற மனுசனுக்கு ஒரு விளக்கு வைத்தானா? பைத்தியக்கார ஆத்திரம்தான். யாரையாவது திட்டாமல் எப்படி இருப்பது?

காரியம் எல்லாம் முடிந்தபின் அவருடைய தம்பி போய்க் காரைக் கொண்டுவந்தார். அழுது வீங்கிய முகம். என்ன பேசுவதென்று தெரியாமல் சாவியை நீட்டினார்.

"நல்ல காலம் அண்ணி, வண்டிக்கு ஒண்ணும் ஆகல."

வீட்டிலிருந்தவர்கள் அவரை முறைத்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் வழிநெடுக அதைத்தானே என் மனுசனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.