கட்டை வைத்துப் பார்த்தவர்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் 'டெயில் லைட்டு' என்று பெயர். வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறவர். எந்தக் கோளாறோடு வண்டி வந்தாலும் முதலில் அதன் பின்பக்கம்தான் போவார். "முன்னாடி லைட்டு நமக்கு. பின்னாடி லைட்டு, பின்னாடி வர்றவனுக்கு. அவன் கண்ணுலதான் நம்ம உசுரு இருக்கு" என்பார்.

எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் பின்விளக்கைப் பற்றிக் கேளுங்கள், சொல்வேன். விளக்கைப் போட்டால் சிவப்பு மங்கலாக எரிய வேண்டும். பிரேக்கை மிதித்தால் பளிச்சென்று கூட வேண்டும். மிதிக்கிற பெடலுக்கு மேலே சுண்டுவிரல் அளவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் போச்சு. பிரேக் பிடிக்கும், ஆனால் சிவப்பு பளிச்சிடாது. மிதிக்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது.

அதற்குத்தான் நான். அவர் உள்ளே உட்கார்ந்து மிதிப்பார், நான் பின்னால் நிற்பேன். "எரியுதா?" "எரியுது." எங்கள் பேச்சில் பாதி இதுதான். "அண்ணி உத்தரவு குடுத்தாத்தான் வண்டியே நகரும் போல" என்பான் அவர் தம்பி. ரொட்டி வேன் ஓட்டினான். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஏழு வயது. என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்.

அன்று என்னை அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்த மனுஷர், காலையிலேயே தம்பி வேனில் தலையைவிட்டுக்கொண்டார். பிரேக் சுவிட்ச் மாற்றணுமாம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வேனுக்கு முதுகைக் காட்டித் துணி பிழிந்துகொண்டிருந்தேன்.

"ஏய், எரியுதா?"

"எரியுது, எரியுது."

"பார்த்துச் சொல்லு."

"பார்த்துட்டுத்தானே சொல்றேன்!"

திரும்பவே இல்லை நான்.

"அண்ணி, கோவத்தை அதுக்குள்ள எறக்கிடாதீங்க. இன்னும் ரெண்டு நாள் அண்ணன் அனுபவிக்கட்டும்" என்று சிரித்துவிட்டுத்தான் தம்பி கிளம்பினான். நல்ல மழை. பாலத்து இறக்கத்தில் முன்னால் ஒரு வண்டி நின்றிருக்கிறது, பிரேக் போட்டிருக்கிறான். பின்னால் வந்த லாரி மோதி, நடுவில் வேன் நசுங்கிவிட்டது. லாரிக்காரர் அழுதுகொண்டே சொன்னார்: "சிவப்பு பளிச்சுன்னு ஆகவே இல்லம்மா. போய்க்கிட்டுதான் இருக்கான்னு நெனச்சேன்."

அடக்கம் முடிந்த மறுநாள் இவர் கேட்டார்: "அன்னிக்கு எரிஞ்சுதுல்ல?"

"எரிஞ்சுதுங்க."

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"அப்போ நான்தான் நட்டைச் சரியா முடுக்கல. அப்புறமா நழுவியிருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டார். சாகும் வரைக்கும், பதினோரு வருஷம், அதையே சொன்னார்.

தொழிலை விடவில்லை. ஆனால் 'எரியுதா' என்று என்னை அப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை. ஒரு கட்டையை அளவாக அறுத்து வைத்திருந்தார். அதை சீட்டுக்கும் பிரேக்குக்கும் நடுவே முட்டுக்கொடுத்துவிட்டு, இறங்கி, வண்டியைச் சுற்றிப் போய்த் தானே பார்ப்பார். நான் பக்கத்திலேயேதான் நின்றிருப்பேன். தெரிந்துதான் கேட்காமல் இருந்தாரா? அதைக் கேட்கவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கிழவி மனசு ஆறாமல் பேசுகிறாள் என்று, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர்கள் இதை மாற்றி எழுதக் கூடாது. அவர் முடுக்கியது தப்பாகவே இருக்கட்டும். நான் திரும்பியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். 'எரியலைங்க' என்று ஒரு வார்த்தை. அவர் மறுபடி உள்ளே தலையைவிட்டிருப்பார். தம்பி, நேரமாச்சு நேரமாச்சு என்று புலம்பிக்கொண்டு வாசலில் நின்றிருப்பான்.